குப்பனூருக்கு வர வேண்டிய சார்

ஆளாளுக்கு ஃபோனில் ஒரு குழு ஆரம்பிக்கிற காலம் இது. மாடித் தோட்டத்துக்கு ஒன்று, சர்க்கரை வியாதிக்கு ஒன்று, பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர்களுக்கு ஒன்று, பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று. ஏற்காட்டில் காப்பித்தூள் கடை வைத்திருந்த நவாஸ் பாயின் மனைவி ருக்சானா ஆரம்பித்தது என்ன குழு தெரியுமா? செத்தவர்களை உறைய வைத்து, பின்னொரு காலத்தில் மருத்துவம் வளர்ந்த பிறகு எழுப்புவதைப் பற்றிப் பேசுகிற குழு. சிரிக்காதீர்கள். சிரிக்கிறவர்கள் அந்தக் குழுவிலேயே தேவைக்கு மேல் இருந்தார்கள்.

நவாஸ் செத்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. ஏலக்காயும் பட்டையும் வாங்கி வருகிறேன் என்று காலைப் பஸ்ஸில் சேலம் போனவர், மொத்தக் கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வளைவெல்லாம் ஏறி வந்து சேர்ந்தபோது மதியம். அதற்குள் இங்கே எல்லாம் தயார். கபர்க் குழி வெட்ட ஆள் போயாயிற்று, உடம்பில் சுற்றுகிற கபன் துணி வந்தாயிற்று, தண்ணீர் காய்ந்தாயிற்று. குளிப்பாட்டி, சாயங்கால அஸர் தொழுகை முடிந்த கையோடு கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். மய்யித்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, சீக்கிரம் அடக்குவதுதான் போனவருக்கு நாம் செய்கிற மரியாதை. இது ருக்சானாவுக்குத் தெரியாததா? அவளுடைய அத்தாவையும் அம்மாவையும் அப்படித்தான் அடக்கினார்கள். அப்போது அவளுக்கு அது சரியாகவே பட்டது.

முகம் காட்டினார்கள். காட்டவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது. "பாத்துக்கம்மா, நல்லா பாத்துக்க" என்று யாரோ சொன்னார்கள். அவளும் பார்த்தாள். ஆனால் பார்க்கும்போது அவள் மனதில் ஓடியது, அடுப்பில் வைத்த பருப்பை இறக்கினோமா இல்லையா என்பது. அதை நினைத்து முடிப்பதற்குள் துணியை மூடி முடிச்சுப் போட்டுவிட்டார்கள். "சத்தம் போட்டு அழாத கண்ணு, மய்யித்துக்கு வேதனை" என்று ஒரு பெரியம்மா தோளைத் தட்டினாள். ருக்சானா அழவே இல்லை. யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு இத்தா. புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். நகை, வாசனை, நல்ல துணி எதுவும் கூடாது, அவசியம் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. நவாஸின் தங்கை பரிதா தினமும் வெள்ளக்கடை கிராமத்திலிருந்து வண்டியில் வந்து கடையைத் திறப்பாள். மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்குள் வந்து அண்ணிக்குச் சோறு போடுவாள். கூடவே திட்டும் போடுவாள். "அழுதாலாவது அழுது தொலை அண்ணி, இப்படி உக்காந்திருந்தா நான் என்னன்னு நெனக்கறது?"

ருக்சானாவும் அழத்தான் பார்த்தாள். துக்கம் என்றால் ஏதோ ஒன்று வரும், வந்து கீழே தள்ளும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அப்புறம் கன்னம் யாருடையதோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது அவளுக்கு உடம்பு முழுக்க. சோறு சோறாக இருந்தது. மழை மழையாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கும், ஏறும், அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை குட்டியும் இல்லை. கையில் ஃபோன் இருந்தது.

அந்த ஃபோனில்தான் ஒரு மத்தியானம் அந்த வீடியோ வந்தது. அமெரிக்காவில் சில இடங்களில், மூச்சு நின்றதும் உடம்பை ஐஸில் வைத்து, ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ஏதோ மருந்தை ஏற்றி, பெரிய பெரிய எவர்சில்வர் தொட்டிகளில் தலைகீழாக இறக்கி வைத்திருக்கிறார்களாம். உள்ளே திரவ நைட்ரஜன். கிரையோனிக்ஸ் என்று பெயராம். என்றைக்காவது ஒருநாள் விஞ்ஞானம் வளர்ந்தால் எழுப்பிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. இதுவரை எழுந்தவர் ஒருவரும் இல்லை என்பதையும் அந்த வீடியோக்காரன் சொல்லத்தான் செய்தான், வேகமாக.

ருக்சானா அதை மறுபடி பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். நவாஸை எழுப்பிக் கொண்டுவர வேண்டும் என்று அவள் ஒருபோதும் நினைத்ததில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குப் போனவர் போனவர்தான், மறுமையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அந்த வீடியோவில் அவளைப் பிடித்துக்கொண்டது வேறு. அங்கே யாருக்கும் அவசரம் இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் மெல்ல நடந்தார்கள். மெல்லத் திறந்தார்கள், மெல்ல மூடினார்கள். யாரும் யாரையும் பார்த்து, நேரமாகிறது என்று சொல்லவில்லை.

இதைப் பற்றித் தமிழில் யாராவது பேசுகிறார்களா என்று தேடினாள். ஒருவரும் இல்லை. சரி, நாமே ஆரம்பிப்போம் என்று ஆரம்பித்துவிட்டாள். கடைக்கு ஆர்டர் பிடிக்கிற குழுக்களை எல்லாம் நவாஸுக்கு நடத்திக் கொடுத்தவள் அவள்தான், அது ஒரு பெரிய வித்தையா? 'கிரையோனிக்ஸ் தமிழ் – பேசலாம் வாங்க' என்று பெயர் வைத்தாள். தன் பெயரைப் போடவில்லை. இத்தாவில் இருக்கிறவள் நாலு ஆண்களோடு பேசுகிறாள் என்று வந்தால் பரிதா வீட்டைத் தலைகீழாக்கிவிடுவாள். 'ஏற்காடு அட்மின்' என்று போட்டுக்கொண்டாள். பனி மூடிய ஒரு சில்வர் ஓக் மரம்தான் படம்.

சேர்ந்தார்கள், அடேயப்பா, எப்படிப்பட்டவர்கள்! பிரவீன் என்று ஒரு பையன், பெங்களூரில் வேலை, எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்பான். லூர்துராஜ் என்று ஓய்வு பெற்ற ஒருவர், தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு, கீழே உயிர்த்தெழுதலைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார். ஒருவர் வீட்டுமனை விளம்பரம் போட்டார். இன்னொருவர் தன் மாமியாரை உயிரோடு உறைய வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிற பொம்மை ஏழெட்டுப் போட்டார். எல்லோருமே அட்மினை 'சார்' என்றார்கள். ருக்சானா திருத்தவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி, அலுக்காமல், கோபப்படாமல் பதில் எழுதினாள். "சாருக்கு என்ன பொறுமை!" என்று லூர்துராஜ் வியந்தார். பொறுமையாவது ஒன்றாவது! கோபம் வந்தால்தானே அடக்குவதற்கு?

விஷயம் புரியவில்லை என்று நிறையப் பேர் சொன்னதால் ஒருநாள் அவள் உட்கார்ந்து ஒரு விளக்கம் எழுதினாள். அதைக் குழுவின் உச்சியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தாள். அவள் எழுதியது இது.

'நம்மூரில் ஒரு சாவு என்றால், வெளியூரில் இருக்கிற மகனோ மகளோ வந்து சேரும் வரைக்கும் ஐஸ் பெட்டியில் வைக்கிறோம் அல்லவா? இதுவும் அதே மாதிரிதான். வர வேண்டியவர் வரும் வரைக்கும் காத்திருப்பது. இங்கே வர வேண்டியவர் ஒரு டாக்டர். அவர் இன்னும் பிறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.'

இதற்குக் கிடைத்த கைதட்டல் கொஞ்ச நஞ்சமல்ல. பிரவீன்கூட ஆதாரம் கேட்கவில்லை. பல பேர் அதை எடுத்து வேறு வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து புதிதாக ஆட்கள் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் குப்பனூர் தேவசிகாமணி.

மலையிலிருந்து இன்னொரு பாதையில் இறங்கினால் அடிவாரத்தில் குப்பனூர். அங்கே ரோட்டோரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார் தேவசிகாமணி. ஐம்பது வயதுக்கு மேல். குழுவில் அவர் ஒரு வார்த்தையும் எழுத மாட்டார். அட்மின் எது போட்டாலும் ஒரு கும்பிடு மட்டும் போடுவார். ஒருநாள் தனியாகச் செய்தி அனுப்பினார். 'வணக்கம் சார். மூச்சு நின்னா எவ்வளவு நேரத்துக்குள்ள குளிர வெக்கோணுங்க சார்?'

'எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது' என்று ருக்சானா பதில் போட்டாள்.

'பெட்டி போதுங்களா சார்?'

'ஆரம்பத்துக்குக் குளிர வைக்க ஐஸ்தான் பயன்படுத்துகிறார்கள்' என்று போட்டாள். படித்திருந்ததைத்தான் போட்டாள். அவர் ஒரு கும்பிடு அனுப்பினார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அந்த நாட்களில் அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதுதானே கஷ்டம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு காலையில் லூர்துராஜின் ரோஜாப்பூவுக்குக் கீழே ஒரு படம் வந்தது. தேவசிகாமணி போட்டிருந்தார். பந்தல், அதற்கு அடியில் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி, மேலே செவ்வந்தி மாலைகள். கண்ணாடிக்குள் மஞ்சள் பூசிய ஒரு பெண்ணின் முகம். படத்துக்குக் கீழே எழுதியிருந்தார். 'என் சம்சாரம் தங்கம்மா. மூச்சு நின்ன உடனே வெச்சாச்சுங்க சார். நேத்துல இருந்து காத்துட்டிருக்கறேன். நீங்க எப்ப வருவீங்க சார்?'

மாமியாரை உறைய வைக்கப் பார்த்தவர் அதற்கும் சிரிக்கிற பொம்மை போட்டார்.

ருக்சானா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்குப் பதறவில்லை. பதற வேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான். தனிச் செய்தியில் அவர் நம்பரை வாங்கிக் கூப்பிட்டாள். ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"அலோ, யாருங்க?"

"ஏற்காட்டுல இருந்து பேசறனுங்க. அந்தக் குரூப்பு..."

"அட, சார் ஊட்டுலிங்களா? கும்பிடறனுங்கம்மா. சாரு கெளம்பிட்டாருங்களா? சாரக் குடுங்க."

"சாரெல்லாம் இல்லீங்க. நாந்தானுங்க அட்மின்."

அந்தப் பக்கம் அவர் குரல் மாறியது. "சக்திவேலு பேசச் சொன்னானுங்களா? ஏனுங்கம்மா, அவன் சொன்னா நீங்களும் பேசறதுங்களா? சாரு வருவாரு, எனக்குத் தெரியும்" என்றார்.

ஃபோன் கைமாறியது. தங்கம்மாவின் தம்பி சக்திவேல் பேசினான், தள்ளிப் போய் நின்று, கடுகடுவென்று. "ஏனுங்க, நீங்க யாரா வேணா இருங்க. எங்கக்கா கிட்னி போயி ரெண்டு வருசமாப் பட்ட பாடு போதுமுங்க. அக்கா மக புவனேஸ்வரி தருமபுரியில இருந்து நேத்தே வந்துட்டா. இனி வர்றதுக்கு ஆளே இல்லீங்க. எடுக்கலாம்னா மாமா உடமாட்டேங்கறாரு. இன்னொருத்தர் வரோணும், இன்னொருத்தர் வரோணும்னு பெட்டியக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறாரு. ஊரே கூடி நிக்குதுங்க. யாருங்க அந்தச் சாரு? அந்தாள் மட்டும் கையில கெடச்சான்னா..."

"நாந்தானுங்க" என்றாள் ருக்சானா மறுபடியும்.

சக்திவேல் ஃபோனை வைத்துவிட்டான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் ஐஸ் பெட்டி எடுப்பது, வர வேண்டியவர் வந்து முகம் பார்க்கிற வரைக்கும்தான். வர வேண்டிய கடைசி ஆள் வந்துவிட்டால் அப்புறம் ஒரு நாழி தாங்காது, தூக்கிவிடுவார்கள். அதேபோல, ஒருவர் வர வேண்டியிருக்கிறது என்று கட்டின புருஷன் சொல்லிவிட்டால், அவரை மீறி யாரும் தூக்கவும் மாட்டார்கள். தேவசிகாமணி சொல்லிவிட்டார். ருக்சானா எழுதியதைத்தான் அவர் எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டிருந்தார். அவள் குழுவில் போட்டுப் பார்த்தாள், 'யாரும் வர மாட்டார்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள்' என்று. சக்திவேல் சாரையும் மடக்கிவிட்டான் என்று தேவசிகாமணி சொன்னதாகத் தகவல் வந்தது.

மதியம் பரிதா சோற்றுப் பாத்திரத்தோடு உள்ளே வந்தபோது ருக்சானா புர்கா போட்டுக்கொண்டு நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"குப்பனூருக்கு."

"யா அல்லா! இத்தாவுல இருக்கறது ஞாபகம் இருக்குதா இல்லியா?"

"அவசியத்துக்குப் போலாம் பரிதா."

"என்ன அவசியம்? எவ ஊட்ல என்ன?"

ருக்சானா எல்லாவற்றையும் சொன்னாள், ஒரே சீரான குரலில், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. பரிதா கேட்கக் கேட்கப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள், பிறகு தானும் உட்கார்ந்தாள், பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டி, ஊட்டுக்குள்ள உக்காந்து துவா ஓதச் சொன்னா, நீ ஊருக்கெல்லாம் பொணத்தப் பத்திப் பாடம் எடுத்தியா? எங்கண்ணன் கடையப் பாக்கறதா, நீ பண்ணி வெச்ச கூத்தப் பாக்கறதா நானு?"

"அந்தம்மா ரெண்டு நாளாக் கெடக்குது பரிதா. நான் எழுதுனதால."

"ஃபோன்ல சொல்லித் தொலையேன்."

"சொன்னேன். பொம்பளக் கொரலு, நம்பல."

பரிதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் அண்ணன்தானே போனது. அவளையும்தான் யாரும் நிறுத்தி, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "ஹெல்மெட் ஒண்ணுதான் இருக்குது" என்றாள் கடைசியில். "நீ போட்டுக்க. மூஞ்சி மறைஞ்சாப்புலயும் இருக்கும்."

குப்பனூர் பாதை குறுகல். காப்பித் தோட்டங்களைத் தாண்டி, மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே வண்டி இறங்கியது. இரண்டு மாதம் கழித்து வெளியே வருகிறவளுக்குக் காற்றாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. போய் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. பரிதாதான் வழி முழுக்கப் பேசிக்கொண்டே ஓட்டினாள். எதிரே வந்த வேனைத் திட்டினாள், குரங்கைத் திட்டினாள்.

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் ரொம்பவும் களைத்துப் போயிருந்தார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள் சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். மேளக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் போனால் ஆகாதென்று ஜெனரேட்டர் வேறு கொண்டுவந்து வைத்திருந்தார் தேவசிகாமணி. பெட்டி ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. பெட்டியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அமர்ந்து, கண்ணாடியில் நீர் பூக்கப் பூக்கத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார் அவர். ஒல்லியான மனிதர். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறுப்பு.

சக்திவேல் ருக்சானாவைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நாற்காலியை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டான். கையில் கிடைத்தால் என்று சொன்னவன்தான். புர்காவில் நிற்கிற ஒரு பெண்ணை என்ன செய்ய முடியும்?

"வாங்கம்மா" என்றார் தேவசிகாமணி. அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சாரு வண்டிய நிறுத்திட்டு வர்றாருங்களா?"

"சாரு இல்லீங்க. எழுதுனது பூராவும் நாந்தானுங்க."

அவர் சக்திவேலை முறைத்தார். "இந்தம்மாகிட்ட என்னடா சொல்லிக் கூட்டியாந்த?"

ருக்சானா பேச்சை வளர்க்கவில்லை. தன் ஃபோனை எடுத்தாள். "உங்க ஃபோனக் கையில வெச்சுக்கங்க" என்றாள். அவர் பார்க்கப் பார்க்கக் குழுவில் தட்டினாள். 'தேவசிகாமணி, நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.' அவர் கையிலிருந்த ஃபோன் டிங்கென்றது. அவர் படித்தார். அனுப்பியவர் பெயரைப் பார்த்தார், மரத்தின் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்தக் குழுவில் கடைசியாக வந்த செய்தி அதுதான். அன்றோடு அதை மூடிவிட்டாள்.

"அப்ப, நீங்கதான் டாக்டருங்களா?" என்றார் மெதுவாக.

"இல்லீங்க. காப்பித்தூள் விக்கறமுங்க."

"டாக்டரு எப்பங்க வருவாரு?"

"வர மாட்டாருங்க. அப்படி ஒருத்தரு இன்னும் பொறக்கவே இல்லீங்க."

"அதான் எழுதியிருந்தீங்களே. பொறக்கலீனா பொறக்கட்டும்னு நெனச்சனுங்க. அதுக்கென்ன, காத்திருக்கலாம்னு."

"இந்தப் பெட்டியில ஆகாதுங்க. இது ஆளுக வர்ற வரைக்குந்தானுங்க தாங்கும். அந்தக் குளிரு வேற. அதெல்லாம் நம்ம பக்கத்துலயே இல்லீங்க. நான் அதக் கண்ணால கண்டதில்ல. ஃபோன்ல பாத்தத எழுதிப்புட்டனுங்க. உங்களுக்குப் புரியோணும்னு பெட்டியோட சேத்து எழுதிப்புட்டேன். தப்புங்க. நொம்பத் தப்புங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அப்பறம் எதுக்குங்க எழுதுனீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். பரிதா பின்னால் நின்றுகொண்டு அண்ணியின் முதுகையே பார்த்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு காலைல பஸ் ஏறிப் போனாருங்க" என்றாள் ருக்சானா. "சாயங்காலம் மண்ணுக்குள்ள வெச்சுட்டாங்க. எங்கள்ல அப்படித்தானுங்க, அதுல தப்பொண்ணும் இல்ல. ஆனா நான் சரியாப் பாக்கலீங்க. இன்னுங் கொஞ்ச நேரம் வெச்சிருந்தாப் பாத்திருப்பேன். ஒரே ஒரு நாள் இருந்திருந்தாப் போதும்னு இருந்துச்சு. அதான் எழுதுனேன்னு நெனக்கறேன். வேற எனக்குத் தெரியலீங்க."

தேவசிகாமணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் யார், எதற்கு இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது போலிருந்தது.

"நான் ரெண்டு நாளாப் பாத்துட்டேதானுங்க இருக்கறேன்" என்றார். "சோறு திங்காம, தூங்காம, இந்த மொகத்தத்தான் பாக்கறேன்." துண்டு கையில் அப்படியே நின்றது. "பத்தலீங்கம்மா."

அந்த ஒரு வார்த்தை ருக்சானாவை அடித்தது. இரண்டு மாதமாக அவள் ஒரே ஒரு நாளைக் கேட்டுக்கொண்டிருந்தாள், யாரிடம் என்று தெரியாமல். அந்த ஒரு நாள் கிடைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். இதோ, இரண்டு நாள் கிடைத்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். வலித்தது. நிஜமாகவே வலித்தது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். நிதானமாக, கேட்க வேண்டிய முறையில் கேட்டார். "என்ன தேவசிகாமணி, வர வேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சா?"

பந்தலில் எல்லோரும் திரும்பினார்கள். தேவசிகாமணி ருக்சானாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வந்தாச்சுங்க" என்றார்.

சக்திவேல் பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியின் சத்தம் நின்றது. கண்ணாடியை எடுத்தார்கள். மேளம் தொடங்கியது, சாய்ந்து கிடந்த பெண்கள் எழுந்து மறுபடி ஒப்பாரியை எடுத்தார்கள். "மொகம் பாக்கறவங்க வந்து பாத்துக்கங்க" என்று பெரியவர் குரல் கொடுத்தார். மகள் புவனேஸ்வரி வாய்க்கரிசி போட்டுவிட்டு அம்மாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதறினாள், இரண்டு பேர் அவளைப் பிரித்தெடுத்தார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து போட்டுவிட்டு நகர்ந்தார்கள். தூக்க நாலு பேர் வந்து நின்றார்கள்.

தேவசிகாமணி கடைசியாக அரிசி போட்டார். எழுந்திருக்கவில்லை. நாலு பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் ருக்சானாவின் பக்கம் திரும்பினார்.

"எடுங்கன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குதுங்க" என்றார். "நீங்க பாருங்கம்மா. நல்லாப் பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

"மாமா, நேரமாகுது" என்றான் சக்திவேல்.

"அந்தம்மா பாக்கட்டும்டா. ஒண்ணும் அவசரமில்ல."

ருக்சானா குனிந்து பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண். மஞ்சள் பூசிய நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். குளிரிலிருந்து வெளியே வந்ததால் மேலுதட்டில் நீர் துளித்துக்கொண்டிருந்தது, வெயிலில் நடந்து வந்தவளுக்கு வேர்ப்பது மாதிரி. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. யாரும் ருக்சானாவின் தோளைத் தட்டவில்லை. யாரும் போதும் என்று சொல்லவில்லை. மேளக்காரர்கள்கூட அடியைக் குறைத்துக்கொண்டார்கள். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க நவாஸ் வந்தார். மூக்கில் வைத்த பஞ்சு. அவசரமாகச் சவரம் செய்ததில் தாடைக்குக் கீழே விட்டுப்போன நாலு வெள்ளை முடி. வலது பக்கம் லேசாகக் கோணிய உதடு, ஏதோ பேரம் பேச ஆரம்பிக்கப் போகிறவரைப் போல. பார்க்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தாள்? பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் போலிருந்தது. அதற்குப் பிறகும் இன்னும் கொஞ்சம். அதற்கு முடிவே இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. தேவசிகாமணியும் தெரிந்துதான் அவளிடம் விட்டிருக்கிறார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பெட்டியின் விளிம்பில் விழுந்தது. பரிதா பின்னாலிருந்து அண்ணியின் கையைப் பிடித்தாள்.

"போதுங்க" என்றாள் ருக்சானா. மறுபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "போதும். எடுங்க."

நாலு பேரும் குனிந்து தங்கம்மாவைத் தூக்கினார்கள்.